மகளுக்கு ஒரு பாட்டுப்பெட்டி

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு நம்முடைய வீடுகளில் ஒரு வழக்கு ஆரம்பமாகும். "எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது, எனக்கும் ஒரு ஸ்மார்ட் போன் வேண்டும்" என்று மகள் கேட்பாள். "உயர்தரம் முடியட்டும், பார்ப்போம்" என்று வாப்பா சொல்வார். உம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசுவார். ஏன் வேண்டும் என்று கேட்டால் மகள் முதலில் சொல்லும் காரணம் பெரும்பாலும் கேட்பதைப் பற்றியதாகவே இருக்கும்: ஆசிரியரின் விளக்கத்தைத் திரும்பக் கேட்க வேண்டும், கிராஅத் கேட்க வேண்டும், படித்துக் களைத்தால் ஒரு பாட்டுக் கேட்க வேண்டும்.

கேட்பதுதான் தேவை என்றால் கேட்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி ஒன்று உண்டு. எம்.பி.3 பிளேயர் என்று நாம் சொல்லும் கையடக்கமான பாட்டுப்பெட்டி அது. பாடசாலை செல்லும் மாணவிக்குக் கைபேசியை விட அதுவே பொருத்தமானது என்பது என் கருத்து. அதை எப்படித் தெரிந்தெடுப்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இது மாணவிகளுக்கு மட்டுமல்ல, பணம் கொடுக்கப் போகும் பெற்றோருக்கும் உரிய கட்டுரை.

முதலில் இந்தக் கருவியின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1979ஆம் ஆண்டு ஜப்பானின் சோனி நிறுவனம் வோக்மன் என்ற கசெற் பெட்டியை வெளியிட்டது. வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கேட்ட பாட்டு அன்றோடு ஒருவருடைய காதுக்குள் வந்தது. பின்னர் ஜெர்மனியின் ஃபிராவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க்கும் அவருடைய குழுவினரும் ஒலியைச் சுருக்கும் முறையொன்றை உருவாக்குவதில் முக்கிய பங்கு வகித்தனர். மனிதக் காது எல்லா ஒலியையும் ஒரே அளவில் உணர்வதில்லை. பலமான ஓசை ஒன்று கேட்கும் போது அதனருகே உள்ள மெல்லிய ஓசை நமக்குப் புலப்படுவதில்லை. அவ்வாறு புலப்படாததை விட்டுவிட்டு மீதியைச் சேமிப்பதே எம்.பி.3 முறை. இறுவட்டில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் வேண்டும். எம்.பி.3 முறையில் 128 கிலோபிட் அளவில் பதிந்தால் ஒரு மெகாபைட் போதும்.

1998இல் கொரியாவில் இருந்து வந்த எம்.பி.மேன் என்ற பிளேயரில் 32 மெகாபைட் இடம்தான் இருந்தது. அரை மணி நேரப் பாட்டுக்கு மேல் அதில் அடங்காது. 2001 ஒக்டோபரில் அப்பிள் நிறுவனம் 5 கிகாபைட் கொண்ட ஐபொட்டை வெளியிட்டது. பிறகு கைபேசிகள் வளர்ந்து இந்தக் கருவிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. 2022 மே மாதத்தில் ஐபொட் தயாரிப்பை நிறுத்துவதாக அப்பிள் அறிவித்தது. இருந்தாலும் பிளேயர்கள் அழிந்துவிடவில்லை. சோனி இன்றும் வோக்மன் என்ற பெயரில் பிளேயர் விற்கிறது. சீனத் தயாரிப்புகள் பல விலைகளில் கிடைக்கின்றன.

"உலகமே விட்டுவிட்ட பொருளை நாங்கள் ஏன் வாங்க வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கைபேசியால் செய்ய முடியாத எதையும் பிளேயர் செய்துவிடாது. அது செய்யாமல் விடும் வேலைகளுக்காகத்தான் அதை வாங்கச் சொல்கிறேன். கைபேசியில் பாடம் ஒன்றைக் கேட்கத் தொடங்கினால் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு செய்தி வந்து கூப்பிடும். அதைப் பார்க்கப் போனால் ஒரு காணொளி வரும். அது முடியுமுன் இன்னொன்று தானாக ஓடும். கேட்க வந்த பாடம் எங்கே நின்றது என்பதே மறந்துவிடும். இதை மாணவியின் மனப்பலவீனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பார்ப்பவரை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பதே அந்தச் செயலிகளின் வருமானம். பிளேயருக்கு அப்படி ஒரு வருமானம் இல்லை. போட்டதைப் பாடும், நிறுத்தினால் நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. செயலிகளில் நாம் கேட்கும் பாட்டு நம்முடையது அல்ல. சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும், டேட்டா தீர்ந்தால் கேட்க முடியாது. நிறுவனம் நினைத்தால் ஒரே இரவில் அகற்றிவிடும். பிளேயரில் ஏற்றியது மின்சாரம் இல்லாத இரவிலும் நம் கையில் இருக்கும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

நாங்கள் இப்போது குடியிருப்பது குருநகரில். எங்கள் அயலவர்கள் பெரும்பாலும் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பங்கள். அடுத்த வீட்டுப் பெரியவர் 1990களின் கதையைச் சொல்லுவார். பொருளாதாரத் தடையால் பற்றரிகள் யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை, மின்சாரமும் இல்லை. அப்போது சனங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வந்த மின்சாரத்தில் றேடியோ கேட்டார்கள். சுற்றுகிறவரின் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். கேட்பது என்பது மனிதருக்கு எவ்வளவு பெரிய தேவை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது. அந்தத் தேவையை "வெறும் பாட்டுத்தானே" என்று பெற்றோர் தள்ளிவிடக் கூடாது.

இசையைக் கேட்பது ஆகுமா என்ற கேள்வி சில வீடுகளில் எழும் என்பதையும் அறிவேன். அதில் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவள் அல்ல. அதை உலமாக்களிடமும் அவரவர் குடும்பத்திடமும் விட்டுவிடுகிறேன். ஆனால் பிளேயர் என்பது வெறும் பாத்திரம். அதில் அப்துல் பாஸித் அவர்களின் கிராஅத்தையும் ஊற்றலாம், நாகூர் ஹனீபா அவர்களின் பாடல்களையும் ஊற்றலாம், புவியியல் பாடத்தையும் ஊற்றலாம். குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளைக்கு ஒரே சூராவைத் திரும்பத் திரும்பக் கேட்க இதைவிட வசதியான கருவி கிடையாது. பாத்திரத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை மகளும் பெற்றோரும் இருந்து பேசி முடிவு செய்யட்டும்.

இனித் தெரிவுக்கு வருவோம். கடைக்காரர் முதலில் காட்டுவது பளபளப்பான திரையையும் "இத்தனை ஆயிரம் பாட்டுப் பிடிக்கும்" என்ற கணக்கையும்தான். அவை இரண்டும் கடைசியில் பார்க்க வேண்டியவை.

முதலாவது, தமிழ் தெரிகிறதா என்று பாருங்கள். மலிவான பல பிளேயர்களில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரியும். தமிழில் பெயரிட்ட ஒலிக்கோப்பு ஒன்றை மெமரி காட்டில் கொண்டுபோய் கடையிலேயே போட்டுப் பாருங்கள். தமிழ் தெரியாத கருவிதான் கிடைக்கிறது என்றால் 01, 02 என்று எண்ணிட்டு ஒரு கொப்பியில் பட்டியல் எழுதி வைத்துச் சமாளிக்கலாம்.

இரண்டாவது, விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடப் பாட்டுக்கு இது தேவைப்படாது. ஒன்றரை மணி நேரப் பாடத்துக்கும் பயானுக்கும் இது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் இருந்து தேட வேண்டும். கடையில் ஒரு நீண்ட பதிவை ஓடவிட்டு, நடுவில் கருவியை அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாவது, பொத்தான்கள். பார்க்காமலே விரலால் தடவி நிறுத்தவும் ஒலியைக் குறைக்கவும் முடிய வேண்டும். தொடுதிரை மட்டும் உள்ள கருவி நம்மைத் திரும்பவும் திரையைப் பார்க்க வைக்கும். நாம் எதில் இருந்து தப்ப நினைத்தோமோ அதிலேயே அது கொண்டுபோய் விடும்.

நான்காவது, பற்றரி. பெட்டியில் எழுதியிருக்கும் மணிக்கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். மெல்லிய ஒலியில், திரையை அணைத்து வைத்துப் பார்த்த கணக்காக அது இருக்கலாம். புளூடூத் போட்டால் இன்னும் குறையும். ஆகவே வயர் உள்ள ஹெட்போன் செருகும் துளை உள்ள கருவியே மேல். வயர் ஹெட்போனுக்குத் தனியாகச் சார்ஜ் ஏற்றவும் வேண்டியதில்லை. எஃப்.எம். வானொலி உள்ள பிளேயர்கள் பலவற்றில் அந்த வயரே அன்ரெனாவாகவும் வேலை செய்கிறது. சார்ஜ் ஏற்றும் துளை வீட்டில் உள்ள கைபேசி வயருக்குப் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள்.

ஐந்தாவது, சேமிப்பு இடம். இதில் நாம் ஏமாறுவது இரண்டு விதத்தில். ஒன்று, தேவைக்கு மேல் பணம் கொடுப்பது. 128 கிலோபிட் அளவில் 8 கிகாபைட்டுக்குள் ஏறத்தாழ 138 மணி நேரம் அடங்கும். பேச்சுக்கு 64 கிலோபிட் போதும். அப்படிப் பதிந்தால் ஒரு மணி நேரப் பாடம் 29 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு மாணவிக்கு 16 கிகாபைட்டே அதிகம். மற்றது, போலி மெமரி காட். 64 என்று மேலே அச்சிட்டு உள்ளே 8 மட்டும் இருக்கும் காட்டுகள் சந்தையில் உண்டு. கணினியில் போட்டாலும் 64 என்றே காட்டும். நிரப்பிய பிறகுதான் பழைய பதிவுகள் கெட்டுப்போனது தெரியவரும். புதுக் காட்டை முழுவதுமாக நிரப்பி, கடைசிக் கோப்பு வரை திறந்து பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும். பற்றுச்சீட்டை அதுவரை எறியாதீர்கள்.

ஆறாவது, ஒலிப்பதிவு செய்யும் வசதி. பெரும்பாலானோர் பொருட்படுத்தாத இந்த ஆறாவது விடயத்தையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் உம்மும்மாவின் கணவர் 1980களில் சவூதியில் வேலை செய்தார். அக்காலத்தில் வெளிநாட்டில் இருந்தவர்கள் பலர் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்புவார்கள். யாராவது ஊருக்கு வரும்போது அது கையோடு வரும். சோனகர் தெருவில் இருந்த எங்கள் வீட்டில் அப்படிப் பல கசெற்றுகள் இருந்தனவாம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் உத்தரவுப்படி, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். அந்த மாதத்தில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். நகையும் வீடும் கடையும் போனதைப் பற்றி நூல்கள் எழுதப்பட்டுள்ளன. உம்மும்மா கேட்பது வேறு. "அவருடைய குரல் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது மகள், அதை எடுக்க நினைவு வரவில்லை" என்பார். புத்தளத்தில் இருந்தபோதே அவர் மௌத்தாகிவிட்டார். அவருடைய படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. குரல் இல்லை. அவர் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது.

அன்று இரண்டு மணி நேரத்தில் ஒரு பெட்டி கசெற்றைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓட முடியாது. இன்று நகத்தளவு காட்டில் ஒரு குடும்பத்தின் குரல்கள் அனைத்தையும் வைக்கலாம். பிரதி எடுத்து இன்னொரு ஊரில் உள்ள உறவினரிடமும் கொடுத்து வைக்கலாம். வெளியேற்றத்துக்கு முந்திய யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். அவர்கள் பாடிய தாலாட்டு, கலியாண வீட்டுப் பாட்டு, கடைத்தெருக் கதை எல்லாம் அவர்களோடு போய்விடும். அவற்றை எழுதிவைக்க எல்லாராலும் முடியாது. ஒரு பொத்தானை அமர்த்த எல்லாராலும் முடியும். ஆகவே பதிவு செய்ய முடியாத பிளேயரை நான் பரிந்துரைக்க மாட்டேன். கைபேசியிலும் பதியலாம்தானே என்றால், பதியலாம். ஆனால் அது பழுதாகும் போதும் மாற்றும் போதும் பதிவுகளும் சேர்ந்தே தொலைவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். அதில் பதிந்தாலும் தனிக் காட்டில் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்.

அடுத்து, பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டிய விடயம் காது. நம் உட்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. கெட்டுப்போன கலம் மறுபடி முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும் போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம், 100 டெசிபெல் என்றால் 20 நிமிடம் மட்டும். பிள்ளைகளுக்கு 80க்குப் பதிலாக 75 டெசிபெல்லே எல்லை. 12 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்ட 100 கோடிக்கு மேற்பட்டோர் கேட்கும் பழக்கத்தால் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது.

இதனால் ஒலியின் உச்ச அளவைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் முழு அளவில் 60 வீதத்தைத் தாண்டாதிருப்பது எளிய விதி. குருநகரில் விடிகாலையில் படகு எஞ்சின் சத்தம், பகலில் வீதிச் சத்தம். சுற்றுச் சத்தம் கூடக் கூட நாம் அறியாமலே ஒலியைக் கூட்டுவோம். காதோடு நன்றாகப் பொருந்தும் ரப்பர் முனை உள்ள ஹெட்போன் வெளிச் சத்தத்தைக் குறைக்கும், ஒலியைக் கூட்ட வேண்டியும் வராது. ஆனால் அதையே மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓடக் கூடாது. வீதியைக் கடக்கும் போதும் புகையிரதக் கடவையிலும் இரண்டு காதும் திறந்திருக்க வேண்டும். வகுப்பறையில் இதற்கு இடமே இல்லை. ஆசிரியரின் குரலைப் பதிவதாக இருந்தாலும் அவருடைய அனுமதியைக் கேட்டே பதிய வேண்டும்.

சரி, இதற்கும் பணமில்லாத வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வீட்டில் ஒதுக்கி வைத்த பழைய கைபேசி இருந்தால் சிம்மைக் கழற்றி, செயலிகளை அழித்து, பாட்டுப்பெட்டியாக மட்டும் பாவிக்கலாம். இணைய இணைப்பைத் திரும்பப் போட ஒரு விரல் போதும் என்பது அதில் உள்ள குறை. அதை மனக்கட்டுப்பாட்டால்தான் வெல்ல வேண்டும். அது முடியாது என்று தெரிந்தவர்கள் சிறுகச் சேமித்துச் சாதாரண பிளேயர் ஒன்றை வாங்குவது நல்லது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கருவியை வாங்கிக் கொடுத்த பிறகு ஒவ்வொரு இரவும் அதை வாங்கிப் பரிசோதிக்காதீர்கள். எதை ஏற்றலாம் என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். அதன் பின் நம்புங்கள். இணையம் இல்லாத, அந்நியர் எவரும் எட்ட முடியாத கருவியில் கூட மகளை நம்ப முடியாவிட்டால், நாளை பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் போது எதை வைத்து நம்புவீர்கள்? பொறுப்பைக் கொடுத்துத்தான் பொறுப்பைப் பழக்க முடியும். இந்தச் சிறிய பெட்டி அதற்கு ஆபத்துக் குறைந்த ஒரு தொடக்கம்.

தோழியரே, உங்களிடமும் ஒன்று. நம்பிக்கை கேட்பவர் அதற்குத் தகுதியாகவும் நடக்க வேண்டும். படிக்கும் நேரத்தில் பாடம், ஓய்வு நேரத்தில் பாட்டு, தூங்கும் நேரத்தில் காதில் எதுவும் இல்லை என்று ஓர் ஒழுங்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உம்மா கூப்பிட்டால் முதல் அழைப்பிலேயே கேட்கும் அளவுக்கு ஒலியை வையுங்கள். அது காதுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

வரும் விடுமுறையில் உங்கள் வீட்டில் மிக மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் போய் இருங்கள். "சின்ன வயதில் என்ன பாட்டுப் பாடுவீர்கள்?" என்று கேளுங்கள். அவருடைய சம்மதத்தோடு ஒரு மணி நேரம் பதியுங்கள். திகதியையும் பெயரையும் பதிவின் தொடக்கத்தில் உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். 29 மெகாபைட்டுக்கு மேல் அதற்கு இடம் தேவைப்படாது.